தந்தையற்றோரின் கல்விக்குத் தந்தையானவர்



ஆண்டுதோறும் ஜனவரி 31ஆம் நாள் நம் திருச்சபை புனித யோவான் போஸ்கோவின் திருநாளைக் கொண்டாடுகின்றது. தொன் போஸ்கோ என்று உலகமெங்கும் அன்போடு அழைக்கப்படும் இவரை இளைஞரின் தந்தை என்றும் ஆசிரியர் என்றும் போற்றுகின்றோம். அவர் நிறுவிய சலேசிய சபையின் பள்ளிகளையும் தொழிற்பயிற்சி நிலையங்களையும் அறியாதவர்கள் நம்மில் சிலரே. ஆயினும் இப்புனிதர் தாமே இளமையில் தந்தையை இழந்து, படிக்க வழியின்றித் தவித்து, பலர் கொடுத்த சிறு உதவிகளால் கல்வி கற்றவர் என்பதை நாம் அடிக்கடி நினைப்பதில்லை. பெற்றோரின் அரவணைப்பின்றி வளரும் பிள்ளைகள் பலர் நம் நடுவிலும் இருப்பதால், அவரது வாழ்வின் இந்தப் பக்கத்தை உங்கள் குடும்பத்தோடு சேர்ந்து இவ்வாரம் சிந்தித்துப் பாருங்கள்.

இத்தாலி நாட்டின் வடபகுதியில், கஸ்தெல்நுவோவோ என்னும் ஊரைச் சேர்ந்த பெக்கி என்ற குக்கிராமத்தில் 1815ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16ஆம் நாள் யோவான் பிறந்தார். தந்தை பிரான்சிஸ் ஓர் ஏழை விவசாயி. வேலை செய்து வியர்த்த உடம்போடு குளிர்ந்த நிலவறைக்குள் சென்றதால் நோயுற்ற அவர், 1817ஆம் ஆண்டு மே மாதத்தில் இறந்தார். அப்போது யோவானுக்கு இரண்டு வயதுகூட நிறையவில்லை. வயதான மாமியார், கணவரின் முதல் தாரத்து மகன் அந்தோனி, தம் பிள்ளைகளான யோசேப்பு, யோவான் ஆகிய நால்வரையும் காக்கும் பொறுப்பு இளம் விதவையான மார்கரீத்தாவின் தோளில் விழுந்தது. அந்த ஆண்டிலேயே அப்பகுதியைக் கொடிய பஞ்சமும் வாட்டியது.

வசதியான மறுமணம் ஒன்று அவரைத் தேடி வந்தது. ஆனால் பிள்ளைகளை ஒரு பாதுகாவலரிடம் ஒப்படைத்துவிட்டு வரவேண்டும் என்பது நிபந்தனை. பாதுகாவலர் பிள்ளைகளுக்கு நண்பராக இருக்கலாம், தாயாக இருக்க முடியாது என்று எண்ணிய மார்கரீத்தா அந்த வாழ்வை மறுத்துவிட்டார். எழுதப் படிக்கத் தெரியாத அந்தத் தாய் எடுத்த முடிவு பின்னாளில் எத்தனை ஆயிரம் பிள்ளைகளுக்கு வாழ்வளித்தது என்பதை நாம் அறிவோம்.

யோவானுக்குப் படிப்பில் தீராத ஆசை. குருவாகி ஏழைச் சிறுவர்களுக்கு வழிகாட்ட வேண்டும் என்னும் ஆவல் சிறுவயதிலேயே அவர் உள்ளத்தில் வேரூன்றியது. ஆனால் அண்ணன் அந்தோனிக்கு அது பிடிக்கவில்லை. படிக்காமலே தான் உழைத்து வாழ்வதைப் போலத் தம்பியும் மண்வெட்டி பிடிக்கட்டும் என்பது அவரது எண்ணம். அந்தோனியைக் கொடியவர் என்று நாம் எளிதில் தீர்ப்பிடலாகாது. பத்துப் பேர் வேலையை இரண்டு பேர் செய்யும் வறிய வீட்டில், உழைக்கக்கூடிய ஒரு பிள்ளை புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பது பெரும் இழப்பாகவே தோன்றும். வறுமையில் கல்விக்கு முதலில் வரும் தடை அன்பின்மையாக இருக்க வேண்டியதில்லை. அடுத்த வேளை உணவைப் பற்றிய அச்சமே போதும். வீட்டில் சண்டை முற்றியபோது, தாய் மனம் கலங்கி யோவானை வேறிடத்துக்கு வேலைக்கு அனுப்பினார். துணிமூட்டையோடு புறப்பட்ட அச்சிறுவர், மோலியா என்னும் குடும்பத்தினரின் பண்ணையில் கூலியாளாகச் சேர்ந்தார். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அந்நியர் வீட்டில் மாடு மேய்த்து வளர்ந்தார்.

1829ஆம் ஆண்டு நவம்பரில் அவர் வாழ்வில் ஒரு திருப்பம் ஏற்பட்டது. அயலூரில் நடைபெற்ற மறையுரைகளைக் கேட்டுவிட்டு மக்களோடு திரும்பி நடந்துகொண்டிருந்தபோது, கலோசோ என்னும் முதிய குருவானவர் சிறுவரைக் கவனித்தார். கேட்ட மறையுரையில் ஏதாவது நினைவிருக்கிறதா என்று வினவினார். யோவான் அதைத் தொடக்கம் முதல் ஒப்புவித்தார். வியந்துபோன அக்குரு, இச்சிறுவருக்கு இலத்தீன் கற்பிக்கும் பொறுப்பைத் தாமே ஏற்றுக்கொண்டார். காலப்போக்கில் தம் இல்லத்திலேயே தங்கவும் வைத்தார். தந்தையின் முகம் நினைவில் இல்லாத யோவானுக்கு, தம் உள்ளத்தைத் திறந்து காட்ட ஒரு தந்தை கிடைத்தார்.

அந்த மகிழ்ச்சி ஓராண்டே நீடித்தது. 1830ஆம் ஆண்டு நவம்பரில் கலோசோ திடீரெனப் பக்கவாதத்தால் தாக்கப்பட்டார். பேச முடியாத நிலையில், தம் பணப்பெட்டியின் சாவியை யோவானிடம் கொடுத்து, அதில் உள்ளது அவருக்கே உரியது என்று சைகையால் உணர்த்தினார். அப்பெட்டியில் 6,000 லீரா இருந்ததாக அவரது வரலாறு கூறுகின்றது. குருத்துவப் படிப்பு முழுவதையும் முடிக்க அத்தொகை உதவியிருக்கும். குருவானவர் இறந்ததும் அவருடைய உறவினர்கள் வந்தார்கள். பதினைந்து வயதுச் சிறுவர் சற்று நேரம் தம் எதிர்காலத்தையே கையில் பிடித்திருந்தார். பின்னர் அந்தச் சாவியை அவர்களிடமே ஒப்படைத்துவிட்டார். சொத்தின் பொருட்டு இறந்தவரின் வீட்டில் வழக்கு எழுவதை அவர் விரும்பவில்லை. பணமும் போயிற்று, வழிகாட்டியும் போய்விட்டார். நெடுநாள் அவர் ஆறுதலின்றி அழுதார்.

வாசகர்களே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். ஒருவரையே நம்பியிருக்கும் பிள்ளையின் கல்வி, அந்த ஒருவர் மறையும்போது நின்றுவிடுகின்றது. யோவானின் கல்வி நிற்காததற்குக் காரணம், அதன்பின் பல கைகள் சேர்ந்து அவரைத் தாங்கியதே.

குடும்பச் சொத்து பிரிக்கப்பட்ட பின் யோவான் கஸ்தெல்நுவோவோ பள்ளிக்குச் சென்றார். காலையும் மாலையும் இருமுறை வீட்டுக்கும் பள்ளிக்குமாக நாளொன்றுக்கு 20 கிலோமீற்றர் நடந்தார். அது இயலாமற்போகவே, அவ்வூரில் ஒரு தையற்காரர் வீட்டில் தங்கித் தையலும் கற்றார். 1831ஆம் ஆண்டு நவம்பரில் கியேரி என்னும் நகரின் உயர்பள்ளிக்குப் போகும் முன், அயலவர் வீடுகளுக்குச் சென்று தானியமும் முட்டையும் கேட்டுப் பெற்றுத் தங்கும் செலவுக்குச் சேர்த்துக்கொண்டார். அங்கே பதினாறு வயதில், தம்மிலும் மிகச் சிறிய பிள்ளைகளோடு கடைசி வகுப்பில் அமர்ந்தார். வெட்கப்படாமல் உழைத்து ஒரே ஆண்டில் மூன்று வகுப்புகளைக் கடந்தார்.

தங்கியிருந்த வீட்டு அம்மாவின் மகனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார். அதற்கு ஈடாக அவ்வம்மையார் வாடகையை விட்டுக்கொடுத்தார். பின்னர் ஒரு காப்பிக் கடையில் வேலை செய்தார். அங்கே அவருக்குக் கிடைத்த படுக்கையிடம், பலகாரம் சுடும் அடுப்பின் மேலிருந்த ஒடுங்கிய பொந்து மட்டுமே. நள்ளிரவு வரை விளக்கொளியில் படிப்பார். கால் நீட்டிப் படுக்க அங்கே இடமில்லை. உதவி கிடைத்தும் அது அரைகுறையாக இருக்கும்போது ஒரு மாணவர் எவ்வாறு வாழ்கிறார் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

1835ஆம் ஆண்டு அவர் குருமடத்தில் சேர்ந்தபோது ஊரார் செய்ததைக் கேளுங்கள். பங்குத்தந்தை மேலங்கி கொடுத்தார். ஊர்த்தலைவர் தொப்பி வாங்கித் தந்தார். இன்னொருவர் காலணிகளைக் கொடுத்தார். தலை முதல் கால் வரை ஊரே அவருக்கு உடுத்தி அனுப்பியது. அவரிலும் நான்கு வயது மூத்தவரான யோசேப்பு கபாசோ என்னும் குரு, குருமடக் கட்டணத்துக்கு உதவி தேடித் தந்தார். அந்தக் கபாசோவும் 1947ஆம் ஆண்டில் புனிதராக உயர்த்தப்பட்டார். ஏழை மாணவர் ஒருவருக்குக் கட்டணம் தேடிக் கொடுத்தது, ஒரு புனிதர் இன்னொரு புனிதருக்குச் செய்த பணியாக விண்ணகத்தில் எழுதப்பட்டிருக்கும் அல்லவா?

1841ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள் தொன் போஸ்கோ குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். தூரின் நகரில் கபாசோவின் வழிகாட்டலில் சிறைச்சாலைகளைச் சந்தித்தார். பன்னிரண்டு முதல் பதினெட்டு வயது வரையான சிறுவர்கள் அங்கே அடைபட்டுக் கிடப்பதைக் கண்டு நடுங்கினார். அவரை மேலும் வருத்தியது வேறொன்று. நல்ல மனத்தோடு விடுதலையாகிச் சென்ற சிறுவர்கள் சில நாட்களில் மீண்டும் சிறைக்கு வந்தார்கள். காரணத்தை ஆராய்ந்தபோது, வெளியே அவர்களுக்காகக் காத்திருக்க ஒருவரும் இல்லை என்பதை உணர்ந்தார். வாயிலைத் தாண்டியபின் கைபிடிக்க ஒரு நண்பர் இருந்திருந்தால் இவர்கள் தவறியிருக்க மாட்டார்கள் என்று அவர் உள்ளம் கூறியது. தம் அருட்பணியின் திசையை அவர் கண்டுகொண்டது அங்கேதான்.

அவ்வாண்டு டிசம்பர் 8ஆம் நாள், அன்னையின் அமல உற்பவத் திருநாளன்று, பர்த்தலோமேயு கரெல்லி என்னும் பதினாறு வயதுக் கட்டட வேலைச் சிறுவர் கோயிலின் திருப்பண்ட அறையில் ஒதுங்கி நின்றார். தாய் தந்தை இருவரையும் இழந்தவர். எழுதவும் வாசிக்கவும் அறியாதவர். திருப்பலிக்கு உதவத் தெரியாததற்காகக் கோயிற் பணியாளர் அவரை அடித்து விரட்டினார். தொன் போஸ்கோ அவரைத் திரும்ப அழைத்து, அன்பாகப் பேசி, செபம் கற்பித்தார். அடுத்த ஞாயிறு அச்சிறுவர் தோழர்களோடு வந்தார். நூற்றுக்கணக்கான சிறுவர் கூடும் இளையோர் மன்றம் அவ்வாறு பிறந்தது. இடமின்றிப் பல இடங்களில் அலைந்தபின், 1846ஆம் ஆண்டு பாஸ்கா திருநாளன்று வல்தோக்கோ என்னும் பகுதியில் ஒரு தாழ்வான கொட்டகையில் அது நிலைபெற்றது.

அவ்வாண்டு நவம்பரில் தாய் மார்கரீத்தாவும் தம் அமைதியான கிராமத்தை விட்டு மகனுக்குத் துணையாக வந்தார். 1847ஆம் ஆண்டு மே மாதத்தில், மழை கொட்டிய ஓர் இரவில், வேலை தேடி வந்த அநாதைச் சிறுவர் ஒருவர் நனைந்து நடுங்கியபடி கதவைத் தட்டினார். மார்கரீத்தா அவருக்கு உணவளித்து, சமையலறையில் செங்கல்லும் பலகையும் வைத்துப் படுக்கை அமைத்தார். அந்த ஒரு படுக்கை சில ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான படுக்கைகளாகப் பெருகியது. ஒருமுறை பிள்ளைகளின் குறும்பால் தோட்டம் பாழானதைக் கண்டு மனமுடைந்து ஊர் திரும்ப எண்ணிய மார்கரீத்தாவுக்கு, மகன் சுவரிலிருந்த பாடுபட்ட சுரூபத்தைச் சுட்டிக் காட்டினார். தாய் அதைப் பார்த்தார், கண்ணீரோடு மீண்டும் அடுப்பங்கரைக்குச் சென்றார். 1856ஆம் ஆண்டில் தம் மரணம் வரை அவர் அப்பிள்ளைகளை விட்டுப் பிரியவில்லை.

தொன் போஸ்கோ உணவோடும் உறைவிடத்தோடும் நின்றுவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். தொழில் கற்க விரும்பிய பிள்ளைகளைப் பட்டறை முதலாளிகளிடம் அனுப்பியபோது, முத்திரைத் தாளில் ஒப்பந்தம் எழுதிக் கையொப்பம் வாங்கினார். குறித்த காலத்தில் தொழிலை முழுமையாகக் கற்பிக்க வேண்டும், அடிக்கக் கூடாது, ஞாயிறு ஓய்வு அளிக்க வேண்டும் என அதில் விதிகள் இருந்தன. 1852ஆம் ஆண்டில் எழுதப்பட்ட அத்தகைய ஒப்பந்தம் ஒன்று இன்றும் பாதுகாக்கப்பட்டுள்ளது. 1853 முதல் தம் இல்லத்திலேயே காலணித் தொழில், தையல், நூல் கட்டுதல், தச்சு, அச்சு ஆகியவற்றுக்குப் பட்டறைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தார். படிப்பில் நாட்டமுள்ள பிள்ளைகளை நகரிலிருந்த ஆசிரியர்களிடம் அனுப்பினார். பொன்சனீனோ, பிக்கோ என்னும் இரு நல்லாசிரியர்கள், வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளோடு இவ்வேழைகளையும் கட்டணமின்றி வகுப்பில் சேர்த்துக்கொண்டார்கள். இச்செலவுகளுக்காகத் தொன் போஸ்கோ செல்வந்தர் வீட்டுப் படிகளில் ஏறி இறங்கினார், நலநிதிச் சீட்டிழுப்புகளை நடத்தினார், கடனும் பட்டார். பிள்ளையின் திறமைக்கு ஏற்ற பாதை எதுவோ அதன் முடிவு வரை உடன் நடப்பது அவரது வழக்கம்.

அவ்வாறு வளர்ந்தவர்களுள் ஒருவர் மிக்கேல் ரூவா. எட்டு வயதில் தந்தையை இழந்தவர். சிறுவராக வரிசையில் நின்ற அவரிடம் தொன் போஸ்கோ தம் கையைப் பாதியாக வெட்டிக் கொடுப்பதுபோல் சைகை காட்டினார். அனைத்திலும் நாம் இருவரும் சரிபாதி என்பதே அதன் பொருள் என ரூவா பிற்காலத்தில் புரிந்துகொண்டார். அச்சிறுவர் கற்றார், குருவானார். 1888ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் தொன் போஸ்கோ தம் 72ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தபோது, சலேசிய சபையின் தலைமைப் பொறுப்பை ஏற்றவரும் அவரே. 1972ஆம் ஆண்டு ரூவா அருளாளர் நிலைக்கு உயர்த்தப்பட்டார். தொன் போஸ்கோவுக்குத் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் 1934ஆம் ஆண்டு உயிர்ப்புத் திருநாளன்று புனிதர் பட்டம் வழங்கினார். சலேசியக் குருக்கள் 1906ஆம் ஆண்டில் தஞ்சாவூருக்கும், 1956ஆம் ஆண்டில் நம் இலங்கைக்கும் வந்து சேர்ந்தார்கள்.

இனி நம் கரையை நோக்குவோம். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையில் இலங்கையிலேயே மிக அதிகமான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை அந்த ஒரு காலைப்பொழுது கொண்டுபோயிற்று. 2009 வரை நீடித்த போரும் தன் பங்குக்குப் பெற்றோரைப் பறித்தது. தாய் வெளிநாட்டில் வீட்டு வேலை செய்ய, அம்மம்மாவின் கையில் வளரும் பிள்ளைகளும் இங்கு உண்டு. ஆலையடிவேம்பு, அக்கரைப்பற்று, கல்முனை என இக்கரையோரம் வாழும் நாம், இந்து, இஸ்லாமிய அயலவரோடு சேர்ந்தே அந்தத் துயரைக் கண்டவர்கள்.

இப்பிள்ளைகள் சிறியவர்களாக இருக்கும்போது பலருக்கும் இரக்கம் உண்டாகின்றது. பிறந்தநாள் கொண்டாடுவோர் சிறுவர் இல்லத்துக்கு மதிய உணவு கொடுக்கின்றனர். ஆனால் 18 வயது நிறைந்ததும் அப்பிள்ளை சட்டத்தின் முன் வளர்ந்தவர் ஆகிவிடுகிறார். க.பொ.த. உயர்தரப் பரீட்சை வருவதும் அந்த வயதை ஒட்டியே. பெறுபேறு வந்து, பல்கலைக்கழக அனுமதி கிடைக்கும் வரை அவர் எங்கே தங்குவார்? 1945 முதல் நம் நாட்டில் இலவசக் கல்வி நடைமுறையில் உள்ளது என்பதும், அரச பல்கலைக்கழகங்களில் பட்டப்படிப்புக்குக் கட்டணம் இல்லை என்பதும் உண்மை. 1981இல் தொடங்கிய மகாபொல புலமைப்பரிசிலும் பலருக்குக் கைகொடுக்கின்றது. ஆயினும் விடுதி, உணவு, பஸ் கட்டணம், புத்தகம், மடிக்கணினி என்று செலவுகள் வரிசையாக நிற்கின்றன. ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகம் நமக்கு மிக அருகில்தான் இருக்கின்றது. பெற்றோரும் உறவும் இல்லாத ஒருவருக்கு அந்தச் சிறு தூரமும் யோவான் நடந்த தூரத்தைப் போல நீண்டுவிடலாம். தொழில்நுட்பக் கல்லூரியிலோ தனியார் பாடநெறியிலோ சேர விரும்பினால் பாரம் இன்னும் கூடுகின்றது.

உலகின் பிற நாடுகளும் இத்தேவையை உணர்ந்துள்ளன. இந்தியாவின் 2015ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டம், 18 வயதில் இல்லத்தை விட்டு வெளியேறுவோருக்குப் பிற்பராமரிப்பு நிதியுதவி வழங்க இடமளிக்கின்றது. அமெரிக்காவில், வளர்ப்புப் பராமரிப்பில் இருந்த இளையோரின் கல்லூரிப் படிப்புக்கும் தொழிற்பயிற்சிக்கும் ஆண்டுக்கு 5,000 டொலர் வரை வழங்கும் அரச திட்டம் இந்நூற்றாண்டின் தொடக்கம் முதல் உண்டு. பிள்ளை 18 வயதில் அநாதை நிலையிலிருந்து விடுபட்டுவிடுவதில்லை என்பதை அச்சட்டங்களும் ஏற்றுக்கொள்கின்றன.

நம் கரையும் இதற்கு முன்மாதிரி இல்லாத கரையன்று. 1892ஆம் ஆண்டு காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர், மட்டக்களப்பில் இயேசு சபைக் குருக்கள் நடத்திய புனித மிக்கேல் கல்லூரியில் கற்று, அங்கேயே ஆசிரியராகவும் பணியாற்றியவர். பின்னர் துறவியாகி, 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். ஏழை, அநாதைப் பிள்ளைகள் தங்கிப் படிக்கவும் வழி செய்தார். கத்தோலிக்கக் கல்லூரி ஒன்றில் ஏற்றப்பட்ட விளக்கிலிருந்து வேறொரு நெறியில் நின்ற பெருமகன் நூறு விளக்குகளை ஏற்றினார். ஒரு பிள்ளைக்குக் கொடுத்த கல்வி எங்கெல்லாம் கனி தரும் என்பதை யார் அளந்து சொல்ல முடியும்?

அன்புக்குரியவர்களே, தனியொரு குடும்பத்தால் ஒரு மாணவரின் முழுச் செலவையும் தாங்க இயலாதிருக்கலாம். யோவானுக்கு மேலங்கியும் தொப்பியும் காலணியும் தந்தவர்கள் தனித்தனியானவர்களே. உங்கள் அன்பியத்தில் ஐந்து குடும்பங்கள் சேர்ந்தால் ஒருவர் விடுதிச் செலவையும், ஒருவர் பயணச் செலவையும், ஒருவர் புத்தகங்களையும் ஏற்கலாம். உங்கள் பங்கில் புனித வின்சென்ட் டி போல் சபை இயங்குமாயின் அதனோடு இணைந்து செய்யலாம். ஆசிரியராக இருப்பவர் பொன்சனீனோவைப் போல வகுப்புக் கட்டணத்தை விட்டுக்கொடுக்கலாம். கொடுக்கத் தொடங்கினால் படிப்பு முடியும் வரை கொடுங்கள். இடைநடுவில் நிற்கும் உதவி, கலோசோவின் மரணம் யோவானுக்குத் தந்த காயத்தையே பிள்ளைக்குத் தரும். விடுமுறை வரும்போது எல்லா மாணவரும் வீட்டுக்குப் புறப்பட, போக இடமின்றி விடுதியில் தனித்திருப்பவரை உங்கள் வீட்டுக்கு அழையுங்கள். நத்தார் நாளில் உங்கள் மேசையில் அவருக்கும் ஒரு தட்டு இருக்கட்டும்.

தம் மகனல்லாத ஒருவரைத் தம் மகனாக ஏற்று, பெயரிட்டு, தச்சுத் தொழிலும் கற்பித்து ஆளாக்கியவர் புனித சூசையப்பர். நம் மீட்பரே வளர்ப்புத் தந்தை ஒருவரின் பட்டறையில் நின்று தொழில் கற்றவர். அநாதைகளையும் விதவைகளையும் அவர்களது துன்பத்தில் கவனிப்பதே தூய சமய வாழ்வு எனப் புனித யாக்கோபு தம் திருமுகத்தில் எழுதிய அறிவுரை, இக்கரையில் வாழும் நம் ஒவ்வொரு குடும்பத்தையும் நோக்கி நிற்கின்றது. பரீட்சைப் பெறுபேற்றைக் கையில் பிடித்தபடி, அதைக் காட்ட ஒரு வீடின்றி நிற்கும் பிள்ளை உங்கள் ஊரில் யார் என்று இவ்வாரமே விசாரித்து அறியுங்கள். புனித தொன் போஸ்கோவின் மன்றாட்டால், அப்பிள்ளைக்குத் தந்தையாகவும் தாயாகவும் இருக்கும் மனத்தை இறைவன் நமக்குத் தந்தருள்வாராக. ஆமென்.